உணவகக் குசினியில் தீ: உருகும் தகடும் இழுத்துக் கட்டிய கம்பியும்

எமது பிரதேசத்தில் உணவகத் தொழில் வளர்ந்திருக்கும் வேகத்தை வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. 2009ஆம் ஆண்டு யுத்தம் முடிவுற்ற பின்னர், 2011 தொடக்கம் பாசிக்குடாக் கரையில் பெரிய ஹோட்டல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. வாழைச்சேனை, ஓட்டமாவடி வாலிபர்கள் பலர் அங்கே குசினி வேலை பழகினார்கள். இன்னும் பலர் கட்டார், சவூதி, டுபாய் எனச் சென்று பழகி வந்தார்கள். திரும்பி வந்தவர்களில் சிலர் கையிலிருந்த பணத்தைப் போட்டுப் பிரதான வீதியோரம் கடை திறந்தார்கள். முன்பு ஒரு ரொட்டிக்கல்லும் இரண்டு விறகடுப்பும் இருந்த இடத்தில் இன்று எண்ணெய்ப் பொரிகலன், சவர்மா அடுப்பு, கிரில் அடுப்பு, அவற்றுக்கு மேலே பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புகைக்கூடு என்று எல்லாம் வந்துவிட்டன.

அந்தப் புகைக்கூட்டின் ஓரமாக, சுவரில் ஒரு சிறிய இரும்புப் பெட்டி பொருத்தப்பட்டிருப்பதைச் சில கடைகளில் காணலாம். பெரிய ஹோட்டல்களின் குசினிகளில் இது பெரும்பாலும் இருக்கும். பெட்டியிலிருந்து ஒரு குழாய் கூட்டுக்குள் போகும். இது என்னவென்று கடைக்காரரிடம் கேட்டால் "நெருப்பு அணைக்கிற சாமான்" என்பார். எப்படி அணைக்கும் என்று கேட்டால் பதில் வராது. கரண்டில் வேலை செய்யும் என்று சொன்னவர்களும் உண்டு. உண்மையில் இதன் பிரதான வகைக்குக் கரண்டே தேவையில்லை. ஒரு கம்பிக்கயிறு, சில கப்பிகள், சில உருகும் தகடுகள், ஒரு ஸ்பிரிங். இவ்வளவுதான். ஹாட்வெயார் வியாபாரத்தில் இருப்பவன் என்ற வகையில் இந்தச் சாமான்களைப் பற்றியே இவ்வாரம் எழுதுகின்றேன். ஏனெனில் இவற்றில் ஏற்படும் கோளாறில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் சம பங்குண்டு.

எண்ணெய் நெருப்பின் குணம்

கொதிக்கும் எண்ணெயில் பிடித்த நெருப்புக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் என்பது பலருக்குத் தெரியாது. தண்ணீர் எண்ணெயை விடக் கனமானது. ஊற்றிய உடனே தாச்சியின் அடிக்கு இறங்கிவிடும். அங்கே அது ஆவியாகும்போது ஒரு லீற்றர் தண்ணீர் சுமார் 1,700 லீற்றர் ஆவியாக விரியும். அந்த ஆவி எரியும் எண்ணெயைக் கூரை வரை தூக்கி எறியும்.

சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெய் சுமார் 175 பாகை செல்சியஸில் புகைக்க ஆரம்பிக்கும். நாம் பொரிப்பதும் கிட்டத்தட்ட அந்தச் சூட்டில்தான். அடுப்பை நிறுத்த மறந்து, சமையல் எண்ணெய் மேலும் சூடேறி 350 பாகையைத் தாண்டிப் போனால் தீக்குச்சியே தேவையில்லை. எண்ணெய் தானாகவே பற்றிக்கொள்ளும். அப்படிப் பற்றிய எண்ணெயில் சுவாலையை மட்டும் அணைத்தால் போதாது. உள்ளே எண்ணெய் அதே சூட்டில் இருப்பதால் காற்றுப் பட்டவுடன் மீண்டும் பற்றும். எண்ணெய் ஆறும் வரை மூடி வைத்திருக்க வேண்டும்.

அமெரிக்க உணவகங்கள் இதை அனுபவத்தில் கண்டுகொண்டன. அங்கே முன்பு மிருகக் கொழுப்பில் பொரித்தார்கள். குசினிகளில் உலர்ந்த தூளை வீசி நெருப்பை அணைக்கும் முறை இருந்தது. பிறகு தாவர எண்ணெய்க்கு மாறினார்கள். சூட்டைப் பிடித்து வைத்திருக்கும் புதிய பொரிகலன்களும் வந்தன. தூள் சுவாலையை அணைத்தது, ஆனால் எண்ணெய் மறுபடியும் பற்றியது. எனவே 1994 நவம்பர் 21ஆம் திகதி முதல் யூஎல் 300 என்ற கடுமையான சோதனைத் தரம் நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னர் குசினிகளுக்கு ஈர மருந்து முறையே பொதுவாயிற்று. பொட்டாசியம் உப்புக்கள் கரைந்த நீர்தான் இந்த மருந்து. இது சூடான எண்ணெயில் பட்டவுடன் சவர்க்காரம் போல நுரைத்து மேலே ஒரு போர்வையாகப் படியும். சவர்க்காரம் காய்ச்சுகிறவர்கள் எண்ணெயையும் காரத்தையும் கலக்கும்போது நடப்பதும் இதே வேலைதான். இந்த மருந்து தாச்சிக்குள் குண்டு போல விழாமல் நொசில் வழியாகத் தூவானமாகவே விழும். எனவே தண்ணீர் செய்யும் அநியாயத்தை இது செய்யாது.

தாச்சியில் பிடிப்பது ஒன்று. புகைக்குழாய்க்குள் படிந்திருக்கும் எண்ணெய்ப் பிசினில் பிடிப்பது இன்னொன்று. இரண்டாவதுதான் மோசமானது, ஏனெனில் கண்ணுக்குத் தெரியாமலே கட்டடத்துக்குள் ஓடிவிடும். 1997 டிசம்பரில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் 1ஆம் முனையத்தில் ஒரு துரித உணவுக் கடையின் புகைக்குழாயில் பிடித்த நெருப்பு முனையத்தையே மூட வைத்தது. 2007 ஆகஸ்ட் 29ஆம் திகதி அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஒரு சீன உணவகத்தின் குசினி நெருப்பு மேற்கூரைக்குள் மறைந்திருந்து எரிந்து, அணைக்கச் சென்ற தீயணைப்பு வீரர்கள் இருவரின் உயிரைக் குடித்தது.

கம்பி எப்படி வேலை செய்கிறது?

இனிப் பெட்டிக்கு வருவோம். பெட்டிக்குள் பலமான ஒரு ஸ்பிரிங் எப்போதும் பாய்வதற்குத் தயாராக அழுத்தி வைக்கப்பட்டிருக்கும். அதைப் பாயவிடாமல் பிடித்திருப்பது ஒரு மெல்லிய ஸ்டெயின்லெஸ் கம்பிக்கயிறு. பிரபலமான முறைகளில் இதன் கனம் ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 1.6 மில்லிமீற்றர். இந்தக் கேபிள் பெட்டியிலிருந்து அரை அங்குல இரும்புக் கொண்டியூட் குழாய்க்குள் ஓடி, மூலைகளில் கப்பிகளில் திரும்பி, புகைக்கூட்டுக்குள் எண்ணெய் வடிகட்டிகளுக்குப் பின்னால் அடுப்பு வரிசைக்கு மேலாகச் செல்லும்.

வழியில் ஒவ்வோர் அடுப்புக்கும் மேலே ஒரு பிரெக்கட் இருக்கும். புகைக்குழாயின் வாயிலும் ஒன்று இருக்க வேண்டும். பிரெக்கட்டில் கத்தரிக்கோல் போன்ற இரண்டு சிறிய கைகள் உண்டு. அந்தக் கைகளைச் சேர்த்துப் பிடித்திருப்பதுதான் பியூசிபிள் லிங்க் என்ற உருகும் தகடு. இரண்டு சிறிய உலோகத் தகடுகளை, குறிப்பிட்ட சூட்டில் உருகும் ஈயக் கலவையால் ஒட்டியிருப்பார்கள். அளவில் பெருவிரல் நுனியை விடச் சற்றுப் பெரிது, அவ்வளவே. கேபிள் எல்லாக் கைகள் மீதும் இழுபட்டுச் சென்று கடைசிப் பிரெக்கட்டில் முடிகிறது.

நெருப்புப் பிடித்தால் அதற்கு மேலேயுள்ள லிங்க் உருகிப் பிரியும். கைகள் விரியும். கேபிள் தளரும். ஸ்பிரிங் பாய்ந்து, பெட்டிக்குள் இருக்கும் வாயுக் கார்ட்ரிட்ஜின் வாயை ஊசியால் குத்தும். அதிலிருந்து வரும் நைதரசன் அல்லது காபனீரொட்சைட்டு மருந்துச் சிலிண்டருக்குள் பாய்ந்து, மருந்தைக் குழாய்கள் வழியாக நொசில்களுக்குத் தள்ளும். நொசில்களை மூடியிருக்கும் சிறிய மூடிகள் தாமாகவே கழன்று விழும். அதே நேரம் இன்னொரு கேபிள் விடுபட்டு, அடுப்புக்குப் போகும் எரிவாயுக் குழாயின் வால்வை அடைக்கும். எரிவாயு நிற்காவிட்டால் மருந்து வீசிப் பயனில்லை. கீழே சூடு ஏறிக்கொண்டே இருக்கும்.

சைக்கிள் பிரேக் கேபிளை எல்லோரும் அறிவோம். அது இழுத்தால் வேலை செய்யும். இது விட்டால் வேலை செய்யும். முழு விடயமும் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் இருக்கிறது. கேபிள் தற்செயலாக அறுந்தால், அல்லது லிங்க் காலத்துக்கு முன் விட்டால், நெருப்பு இல்லாமலே மருந்து கொட்டும். அன்றைய வியாபாரம் போகும், குசினியைக் கழுவ வேண்டும், மருந்தை மீண்டும் நிரப்பச் செலவாகும். ஆனால் உயிருக்கு ஒன்றும் ஆகாது. இதற்கு மாறாக, கேபிள் எங்காவது சிக்கி நின்றால் லிங்க் உருகினாலும் பெட்டிக்குச் செய்தி போகாது. முதற் கோளாறு வந்த அன்றே தெரிந்துவிடும். இரண்டாவது நெருப்புப் பிடிக்கும் நாள் வரை தெரியாது.

லிங்க் தெரிவு

உருகும் ஈயத்தை நெருப்புக்குக் காவலாக வைக்கும் யோசனை புதியதல்ல. 1874இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் பியானோ தொழிற்சாலை நடத்திய ஹென்றி பார்மலி என்பவர் தமது கட்டடத்தைக் காக்க இவ்வாறான தண்ணீர்த் தெளிப்பான்களைச் செய்தார். பிஸ்மத், ஈயம், வெள்ளீயம் போன்றவற்றை வெவ்வேறு அளவில் கலந்தால் வெவ்வேறு சூட்டில் உருகும் கலவைகள் கிடைக்கும்.

குசினி லிங்க்குகள் பொதுவாக 74, 100, 138, 182, 232, 260 பாகை என்ற அளவுகளில் வருகின்றன. சூடும் தயாரித்த வருடமும் தகட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். எது வேண்டும் என்பதைக் கடைக்காரர் ஊகித்துச் சொல்ல முடியாது. குசினி முழு வேகத்தில் வேலை செய்யும் நேரத்தில், லிங்க் தொங்கும் அதே இடத்தில் சூட்டை அளக்க வேண்டும். அந்த அளவுக்கு மேலே போதிய இடைவெளி விட்டே லிங்க்கைத் தெரிய வேண்டும். பிரபலமான ஓர் அமெரிக்கக் கம்பனியின் அட்டவணைப்படி 182 பாகை லிங்க்கை, சாதாரண வேளைகளில் சூடு 143 பாகையைத் தாண்டாத இடத்தில்தான் போடலாம்.

எங்கள் பக்கம் எந்த நேரத்தில் அளப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண நாளில் பகல் பதினொரு மணிக்கு அளந்தால் கிடைக்கும் எண் வேறு. நோன்பு காலத்தில் அஸருக்குப் பிறகு சமூசா, கட்லட், பெட்டிஸ் என்று எல்லாத் தாச்சியும் ஒரே நேரத்தில் கொதிக்கும்போது அளந்தால் கிடைக்கும் எண் வேறு. இரண்டாவது எண்தான் கணக்கு. பகல் எண்ணை நம்பிக் குறைந்த லிங்க்கைப் போட்டவர், நோன்பு திறக்க அரை மணித்தியாலம் இருக்கும்போது அவ்வளவு பலகாரத்தின் மீதும் மருந்து கொட்டுவதைப் பார்க்க நேரிடும். அந்தக் கோபத்தில் அவர் அடுத்துச் செய்வது லிங்க்கைக் கழற்றிவிட்டுக் கம்பியால் கட்டுவது.

இன்னொரு குழப்பமும் சந்தையில் உண்டு. குளிரூட்டிக் குழாய்களில் தீத் தடுப்புக் கதவுகளுக்கென 72, 74 பாகை லிங்க்குகள் விற்கப்படுகின்றன. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். விலையும் குறைவு. குசினிக் கூட்டுக்குள் அவற்றைப் போட்டால் ஒரு வாரம்கூட நிற்காது. மேலும் ஒவ்வொரு லிங்க்கும் இவ்வளவு இழுவையைத் தாங்கும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. எனவே ஒரு கம்பனியின் பெட்டிக்கு இன்னொரு கம்பனியின் லிங்க் என்பது சரிவராது. இந்த முறைகள் முழுத் தொகுதியாகவே சோதிக்கப்பட்டு அங்கீகாரம் பெறுகின்றன. பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகம் தேடுவது போல, பொருந்துவதை வாங்கிப் போடும் பழக்கம் இங்கே செல்லாது.

புதிய லிங்க்கும் நெடுநாள் நிற்பதில்லை. இடைவிடாத இழுவையிலும் சூட்டிலும் அந்த ஈய ஒட்டு மெல்ல மெல்ல நழுவும். மறுபுறம், எண்ணெய்ப் பிசின் படிந்து லிங்க்குக்குச் சட்டை போட்டது போலாகி, உருக வேண்டிய நேரத்தில் தாமதிக்கும். எனவேதான் குசினித் தீப் பாதுகாப்புக்கென உலகில் பல நாடுகள் பார்த்து நடக்கும் என்எஃப்பிஏ 96 என்ற அமெரிக்கத் தரம், ஈயக் கலவை லிங்க்குகளை 6 மாதத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறது. பார்க்க நன்றாக இருக்கிறதே என்று விடக்கூடாது. துடைத்து மீண்டும் மாட்டுவதும் மாற்றுவதாகாது.

பைண்டிங் வயரும் பற்றாசும்

2022இல் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மார்ச் மாதத்துக்கு முன் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் 360 ரூபா வரை போனது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வேறு. இப்படியான சிறு சாமான்களைப் பழைய சோனகத் தெருவில் தேடினாலும் கிடைக்கவில்லை. கிடைக்காதபோது நம்மவர்கள் கைவசம் இருப்பதை வைத்துச் சமாளிக்கப் பழகினார்கள். பஞ்சம் போன பிறகும் பழக்கம் போகவில்லை.

ஓர் உணவக உரிமையாளர் எமது கடைக்கு வந்து ஒரு பழைய லிங்க்கைக் காட்டி, "காக்கா, இது விட்டுப் போச்சு, இதைப் போல ஒன்று தாங்க, இல்லாட்டி கொஞ்சம் பைண்டிங் வயர் தாங்க" என்றார். கம்பியால் கட்டினால் மருந்து கொட்டாது என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான், கொட்டாது. இரும்பு உருக சுமார் 1,500 பாகை வேண்டும். கடை முழுவதும் சாம்பலான பிறகும் அந்தக் கம்பி கட்டியபடியே இருக்கும். தெரிந்துகொண்டே இதற்குக் கம்பி விற்பது அமானிதம் பேணாத வியாபாரம். நான் விற்கவில்லை. அவர் வேறு கடையில் வாங்கியிருப்பார் என்பதும் எனக்குத் தெரியும்.

இன்னும் கெட்டிக்காரத்தனமான ஒரு வேலையும் இருக்கிறது. ரேடியோ திருத்தும் பற்றாசு ஈயம் சுமார் 183 பாகையில் உருகும். லிங்க்கில் 182 என்று எழுதியிருக்கிறது. எனவே பிரிந்த தகடுகளை மீண்டும் பற்றாசு பிடித்தால் சரிதானே என்று சில மின் வேலைக்காரர்கள் கேட்பார்கள். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தொழிற்சாலையில் ஈயத்தின் அளவு, ஒட்டும் பரப்பு, தாங்கும் இழுவை எல்லாம் சோதித்தே லிங்க் வெளியே வருகிறது. கையால் பிடித்தது ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இருக்கும். மேலும் இன்று கடைகளில் ஈயம் கலக்காத பற்றாசுக் கம்பியும் கலந்து விற்கப்படுகிறது. அது 217 பாகைக்கு மேலேயே உருகும். சுருளைப் பார்த்து எத்தனை பேர் வித்தியாசம் சொல்வார்கள்?

கேபிளுக்கு வருவோம். ஸ்டெயின்லெஸ் கேபிளுக்குப் பதிலாக மோட்டார் சைக்கிள் கிளச் கேபிளின் உட்கம்பியைப் போடுகிறார்கள். கனம் பொருந்தும். ஆனால் நமது ஊர் ஒரு பக்கம் கடலும் ஒரு பக்கம் வாவியுமான ஊர். உப்புக் காற்றில் கிளச் கேபிள் எவ்வளவு சீக்கிரம் இறுகிப் போகும் என்பது மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். கிளச் இறுகினால் கைக்குத் தெரியும். இது நாளாந்தம் அசையாத கேபிள், இறுகினாலும் யாருக்கும் தெரியாது.

மூலைக் கப்பியின் விலையைப் பார்த்து, கொண்டியூட்டை வளைத்து விடுவதும் நடக்கிறது. வயர் இழுக்கும் மின் வேலையில் அது சரி. இங்கே கேபிள் வளைவின் உட்சுவரில் உரசி, நாளடைவில் அங்கேயே பள்ளம் தோண்டிக்கொண்டு நின்றுவிடும். கப்பி என்பது உருளுவதற்காக இருப்பது. கூட்டுக்கு வெளியே வரும் பகுதிக்கு பீவிசி குழாய் போடுவது அதைவிட மோசம். அடுப்புக்குப் பக்கத்தில் அது இளகித் தொய்ந்து கேபிளை நெரிக்கும். குழாய் கூட்டைத் துளைத்து வரும் இடத்தில் அடைப்பு நட் போடாவிட்டால் எண்ணெய் குழாய் வழியே வடிந்து கப்பிக்கும் பெட்டிக்கும் போகும். சில மாதங்களில் அது தார் போல இறுகும். கேபிள் நீளம், மூலைகளின் எண்ணிக்கை, லிங்க்குகளின் எண்ணிக்கை மூன்றுக்கும் ஒவ்வொரு கம்பனியும் எல்லை வைத்திருப்பதும் இந்த உரசலை எண்ணித்தான். கடையைப் பெருப்பித்தபோது பழைய லைனை இன்னும் பத்து அடி நீட்டிவிட்டோம் என்பவர்கள் கையேட்டைப் பார்ப்பது நல்லது.

2022இன் இன்னொரு மிச்சத்தையும் சொல்ல வேண்டும். எரிவாயுத் தட்டுப்பாட்டில் பல உணவகங்கள் விறகுக்கு மாறின. விறகடுப்பை அதே புகைக்கூட்டின் கீழேயே வைத்தார்கள். சிலர் கிரிலுக்குக் கரி அடுப்பை இன்றும் அப்படியே வைத்திருக்கிறார்கள். பெட்டி வேலை செய்தாலும் எரிவாயு வால்வைத்தான் மூடும், விறகை மூடாது. தீப்பொறி நேராகப் புகைக்குழாய்ப் பிசினுக்குப் போகும். மேலே சொன்ன அமெரிக்கத் தரம் விறகு, கரி எரியும் குசினிகளின் புகைக்குழாயை மாதந்தோறும் பார்த்துச் சுத்தம் செய்யச் சொல்கிறது. எண்ணெய் அதிகம் பொரிக்கும், இரவு பகல் இயங்கும் குசினிகளுக்கு 3 மாதத்துக்கு ஒரு முறை.

மேல்மாடியில் படுப்பவர்கள்

நமது கடைகளின் அமைப்பை எண்ணிப் பார்க்க வேண்டும். கீழே குசினி. மேலே தட்டுப் பலகை போட்ட மாடியில் வேலைக்காரப் பொடியன்கள் பாய் விரித்துப் படுப்பார்கள். இறங்க ஒரே ஏணிப்படி, அதுவும் குசினிப் பக்கம். 2004 ஜூலை 16ஆம் திகதி தமிழ்நாட்டின் கும்பகோணத்தில் ஒரு பாடசாலையின் மதிய உணவுக் குசினியில் பிடித்த நெருப்பு ஓலைக் கூரைக்குத் தாவி, மேல்மாடியில் இருந்த பிள்ளைகளுக்கு இறங்க வழியில்லாமல் 94 பேர் இறந்தார்கள். மட்டக்களப்பு நகரிலிருந்து இங்கே தீயணைப்பு வண்டி வருவதென்றால் சுமார் 30 கிலோமீற்றர். எண்ணெய் நெருப்பு அவ்வளவு நேரம் காத்திருக்காது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பது சுத்தத்தை. கேபிளின் இழுவையைப் பார்ப்பது அவரது வேலையல்ல. ஆகவே இதைப் பார்க்க வேண்டியவர் கடை உரிமையாளரே.

கையால் இழுக்கும் பிடியும் இந்தத் தொகுதியின் ஓர் அங்கம். லிங்க் உருகும் வரை காத்திராமல் ஆளே இழுத்துவிடலாம். அதை அடுப்புக்கு அருகில் வைத்தால் நெருப்பைத் தாண்டி யாரும் கை நீட்ட மாட்டார்கள். அடுப்பிலிருந்து 3 மீற்றருக்குக் குறையாமல், 6 மீற்றருக்கு மேற்படாமல், வெளியே ஓடும் வழியில் இருக்க வேண்டும். நான் பார்த்த ஒரு குசினியில் அந்தப் பிடியில் கைதுடைக்கும் துணி தொங்கிக்கொண்டிருந்தது.

பழைய சாமான் வாங்குபவர்களுக்கு

கொழும்பில் மூடப்படும் உணவகங்களின் புகைக்கூடுகள் பெட்டியோடு சேர்த்து விற்பனைக்கு வருகின்றன. கூட்டை வாங்கலாம், தவறில்லை. வலைத் தகடு வடிகட்டி இருந்தால் அதை மாற்றி, சாய்வுத் தகடு வடிகட்டி போட வேண்டும். வலை எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொண்டு எரியும். பெட்டியைத்தான் திறந்து பார்த்து வாங்க வேண்டும். கழற்றி ஏற்றும்போது வாயுக் கார்ட்ரிட்ஜை எடுத்துவிடுவார்கள். அதைத் திரும்பப் போடாமலே பல பெட்டிகள் சுவரில் ஏறுகின்றன. கேபிள் சரி, லிங்க் சரி, ஸ்பிரிங் சரி, குத்துவதற்கு உள்ளே ஒன்றுமில்லை. பராமரிப்பின்போது ஸ்பிரிங்கைப் பூட்டும் ஆணியை எடுக்க மறந்துவிட்ட பெட்டிகளும் உண்டு. மருந்துச் சிலிண்டரில் அச்சிட்ட வருடத்தையும் பார்க்கவும். 12 வருடத்துக்கு ஒரு முறை அதற்கு அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். 1994க்கு முந்திய தூள் முறையென்றால் காயலான் விலைக்குக்கூட வேண்டாம்.

நல்ல வேலைக்காரர் ஒருவர் வந்து சோதிப்பது எப்படியென்றால், முதலில் கார்ட்ரிட்ஜைக் கழற்றிப் பக்கத்தில் வைப்பார். கடைசிப் பிரெக்கட்டில் சோதனை லிங்க் ஒன்றை மாட்டி அதை வெட்டிவிடுவார். ஏன் கடைசியில் என்றால், செய்தி முழுக் கேபிளையும் கடந்து வர வேண்டும் என்பதற்காக. பெட்டியில் ஸ்பிரிங் விழுகிறதா, எரிவாயு வால்வு அடைகிறதா என்று பார்ப்பார். பிறகு புதிய லிங்க்குகளை மாட்டி, இழுவை சரிபார்த்து, கார்ட்ரிட்ஜை நிறுத்துப் பார்த்துப் போட்டு, திகதி எழுதிய அட்டையைத் தொங்கவிடுவார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஸ்பிரிங்கை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு அட்டையில் கையெழுத்துப் போடுபவருக்குக் காசு கொடுக்க வேண்டாம். கழற்றிய பழைய லிங்க்குகளைக் கையில் வாங்கி எண்ணிப் பார்க்கவும். மாற்றினேன் என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

இந்த வேலையை வளைகுடா நாடுகளில் செய்து பழகிய வாலிபர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இங்கே வந்து ஆட்டோ ஓட்டுகிறார்கள். ஓட்டமாவடி முதல் பாசிக்குடா வரையுள்ள உணவகங்களையும் பேக்கரிகளையும் 6 மாத ஒப்பந்தத்தில் எடுத்தால் இரண்டு, மூன்று பேருக்கு வருடம் முழுக்க வேலை இருக்கும். முதலீடு பெரிதல்ல. ஒரு கம்பனியின் அங்கீகாரம் பெற்ற முகவரோடு சேர்ந்து, அந்தக் கம்பனியின் லிங்க், கேபிள், கப்பிகளை மட்டும் வைத்திருந்தால் போதும். பல கம்பனிச் சாமான்களைக் கலந்து வைத்திருப்பவரை விட அவருக்கே நம்பிக்கை கூடும்.

இவ்வளவு செலவு செய்ய முடியாத சிறிய கடைகள் பல. அவர்கள் பெட்டி வாங்கவில்லை என்பதற்காக நான் குறை சொல்ல மாட்டேன். லிங்க்கும் கேபிளும் தனித்தனியாக வாங்கித் தாமாக ஒன்று கட்டிக்கொள்ள மட்டும் முயல வேண்டாம். அதற்குப் பதிலாக, சமையல் எண்ணெய் நெருப்புக்கென்றே வரும் ஈர மருந்து அணைப்பான் ஒன்றை வாங்கலாம். ஐரோப்பிய முறையில் எஃப் என்றும், அமெரிக்க முறையில் கே என்றும் அதில் எழுத்துப் போட்டிருக்கும். ஒவ்வொரு தாச்சிக்கும் பொருந்தும் மூடி ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கவிட வேண்டும். 37.5 கிலோ சிலிண்டர்களைக் குசினிக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் வைத்து, அடைக்கும் வால்வையும் வெளியிலேயே வைக்க வேண்டும். மேல்மாடியில் ஆட்கள் படுப்பதானால் குசினிப் பக்கம் வராமல் இறங்க இன்னொரு படி வேண்டும். அதற்குப் பலகையும் ஆணியும் போதும், எந்த ஹாட்வெயாரிலும் கிடைக்கும்.